மூன்று நாள் திறக்காத குளோவ் பாக்ஸ்

காரை வாங்கியபோது சாவிக்கொத்தில் மூன்று சாவிகள் இருந்தன. ஒன்று இக்னிஷனுக்கும் கதவுக்கும், ஒன்று பெட்ரோல் டேங்க் மூடிக்கு, மூன்றாவது எதற்கென்று விற்றவருக்கே தெரியவில்லை. குளோவ் பாக்ஸைக் காட்டிக் கேட்டேன். "அதத் திறந்தே பல வருஷம் ஆச்சுங்க, உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார். ஒன்றும் இல்லாத பெட்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம் போடுமா?

அறுபதுகளின் நடுவில் வந்த கார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் இந்தத் தொல்லை ஐம்பது வயது தாண்டிய எந்தக் காரிலும் வரக்கூடியது. டேஷ்போர்டு முழுக்க இரும்புத் தகடு, மேலே மட்டும் வினைல் மெத்தை. குளோவ் பாக்ஸ் மூடியும் இரும்புதான், கீழே நீளமான கீல், மேல் விளிம்பின் நடுவில் குரோம் பூசிய சின்ன பூட்டு. உள்ளே பொக்கிஷம் இருக்கும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ஃபியூஸ் பெட்டியில் எது எதற்கு என்று எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது, அதனால் காரோடு வந்த கையேடு வேண்டும், அது இருந்தால் இங்கேதான் இருக்கும். அவ்வளவுதான் என் ஆசை.

முதல் நாள் நான் செய்தது எல்லாமே தப்பு. இக்னிஷன் சாவியைப் போட்டேன். முழுசாக உள்ளே போனது, ஆனால் ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. பழைய பூட்டு, இறுகியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு இடுக்கியால் சாவித் தலையைப் பிடித்துத் திருக்கினேன். சாவி கழுத்தில் லேசாக முறுக்கிக்கொண்டது. அப்போதுதான் நிறுத்தினேன். நல்லவேளை, அந்தச் சாவி உடைந்திருந்தால் குளோவ் பாக்ஸ் மட்டுமல்ல, காரையே கிளப்பியிருக்க முடியாது.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இரண்டு வேறு சாவிகள் உண்டு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்று இக்னிஷனுக்கும் கதவுக்கும், இன்னொன்று டிக்கிக்கும் குளோவ் பாக்ஸுக்கும். காரை வேறொருவரிடம் கொடுத்து நிறுத்தச் சொல்லும்போது முதல் சாவியை மட்டும் கொடுத்தால் போதும், அவரால் ஓட்ட முடியும், உங்கள் பொருளைத் தொட முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இந்த இரண்டு சாவிகளின் தலையும் வேறு வேறு வடிவத்தில் இருக்கும், இருட்டில் தடவியே எது எது என்று சொல்லிவிடலாம். என் காரிலோ மூன்று சாவிக்கும் ஒரே மாதிரித் தலை. அந்த மூன்றாவது சாவியை டிக்கியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இப்போது யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. விற்றவர் டிக்கியைப் பூட்டாமலே வைத்திருந்தார், அதனால் அதற்கு ஒரு சாவி உண்டு என்பதையே நானும் மறந்திருந்தேன்.

சாயங்காலம் மூன்றாவது சாவி டிக்கியைத் திறந்தது. ஓடி வந்து குளோவ் பாக்ஸில் போட்டேன். போனது, திரும்பியது, ஏறக்குறைய இருபது டிகிரி. அப்புறம் நின்றுவிட்டது. ஆனால் இக்னிஷன் சாவி நின்ற மாதிரி சுவரில் முட்டியதுபோல் இல்லை, ரப்பரை முறுக்கியதுபோல் ஒரு மெத்தென்ற நிறுத்தம், கையை விட்டால் சாவி தானாகப் பின்னால் வந்தது. இந்த வித்தியாசம்தான் முழு விஷயமும். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

புரிவதற்குப் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான குளோவ் பாக்ஸ் பூட்டுகளில் நான்கைந்து மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுர ஓட்டை, பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தகடுகளைத் தள்ளி, சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளையான சிலிண்டரைச் சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் நீட்டிக்கொண்டு நிற்க வைக்கும், சிலிண்டர் திரும்பாது. சரியான சாவி ஓட்டைகள் வழியாகப் போனால் அதன் பற்கள் எல்லாத் தகடுகளையும் சிலிண்டரின் மட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஒரே ஒரு தகடு அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் திரும்பாது. ஆக, சாவி பத்துப் பதினைந்து டிகிரி திரும்பிவிட்டது என்றாலே தகடுகள் எல்லாம் விலகிவிட்டன, சாவி சரி, பூட்டும் சரி. அதற்கு மேல் நிற்கிறது என்றால் பூட்டுக்குப் பின்னால் உள்ள நாக்கு எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

நானோ பூட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரின் முனையில் துணி சுற்றி, மூடியின் வலது மேல் மூலையில் விட்டு நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். திறந்துவிட்டது என்று நினைத்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து என் மடியில் விழுந்தது, அதுதான் அந்தச் சத்தம். மூடியின் உதடும் கொஞ்சம் வளைந்திருந்தது. துணி சுற்றினால் கீறல்தான் விழாது. பழைய பெயின்ட் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் தகடு வளைந்தாலே போதும், உதிர்ந்துவிடும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. காரில் ஏறும் ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாம் நாள் ஸ்பிரே. சாவித் துளைக்குள் எண்ணெய் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி அடித்தேன். மறுநாள் காலையில் கீழ் விளிம்பு வழியாகப் பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன, காரெல்லாம் எண்ணெய் நாற்றம். உள்ளே காகிதம் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. பொதுவாக நாம் எல்லாவற்றுக்கும் எடுக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரேயைப் பற்றி ஒரு விஷயம்: 1953-ல் அது உருவானது ஈரத்தை விரட்டுவதற்காக, பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அதைத்தான் சொல்கின்றன, 40 என்பது நாற்பதாவது முயற்சி. ஈரம் புகுந்து இறுகிய பூட்டில் ஒருமுறை அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே பல வருஷ எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காகிப்போன பூட்டுக்கு மேலும் எண்ணெய் எதற்கு? அதற்குத் தேவை கழுவுதல். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ சில சொட்டுகள் விட்டு, சாவியை இருபது முப்பது முறை உள்ளே வெளியே இழுத்து, ஒவ்வொரு முறையும் சாவியைத் துணியில் துடைக்க வேண்டும். கருப்பு மை மாதிரி வரும். அது நிற்கும்வரை. காய்ந்த பிறகு கொஞ்சம் கிராபைட் பொடி. எண்ணெய் இருக்கும்போது கிராபைட் போட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் பசைதான். பாதி அசிட்டோன் பாதி ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் கலந்து அடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். துருப்பிடித்த இன்ஜின் போல்ட்டுக்குச் சரி, டேஷ்போர்டு பக்கம் வேண்டவே வேண்டாம், பழைய பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் அசிட்டோன் கரைத்துவிடும். மரப்பலகை டேஷ்போர்டாக இருந்தால் ஆல்கஹாலும் மேல் பூச்சைக் கெடுக்கலாம், ஓரமாக மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் நாள் டிரில் எடுக்கும் முடிவுக்கு வந்துவிட்டேன். எடுப்பதற்கு முன், பழைய கார்களோடு வாழ்நாளைக் கழித்த மெக்கானிக் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் எடுத்த எடுப்பில் மூன்று கேள்வி கேட்டார்.

"சாவி முழுசா உள்ள போகுதா?"

"போகுதுண்ணே."

"திரும்புதா?"

"கொஞ்சம் திரும்பி நிக்குது. ரப்பர் மாதிரி."

"அப்ப மூடிய என்ன பண்ற, திருப்பும்போது?"

"இழுக்கிறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, இழுக்காத. அமுக்கு. அமுக்கிக்கிட்டே திருப்பு."

சொன்னதும் விளங்கியது. பூட்டின் நாக்கு டேஷ்போர்டின் உட்புறம் உள்ள ஒரு இரும்பு விளிம்புக்குப் பின்னால் கொக்கி போட்டு நிற்கிறது. மூடியை நான் வெளியே இழுக்க இழுக்க நாக்கு அந்த விளிம்பில் இன்னும் பலமாக அழுந்துகிறது. அழுந்திய நாக்கைச் சாவியால் இறக்கப் பார்த்தால் எப்படி இறங்கும்? வீட்டுக் கதவு இறுகியிருந்தால் தோளால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை எடுப்போமே, அதே சங்கதி. இரண்டு நாளாக நான் சாவியை ஒரு கையால் திருப்பி, மறு கையால் அதற்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன். அந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தால் நாக்கு உடைந்திருக்கும் என்றார் அண்ணன். இந்த நாக்குகளும் பூட்டின் கூடும் பல கார்களில் துத்தநாகத்தோடு அலுமினியம் கலந்த வார்ப்பு, ஜமாக் என்று சொல்வது. வயதானால் வளையாது, நேராக ஒடியும். ஒடிந்தால் சாவி சும்மா சுற்றும், அப்புறம் டிரில் போட்டும் பிரயோஜனமில்லை.

உள்ளங்கையைப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கித் திருப்பினேன். இருபது டிகிரி முப்பதானது. அதற்கு மேல் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இந்தப் பக்கம் சந்து பெருசா இருக்கு பாரு."

பார்த்தேன். இடது பக்கம் மூடிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர், வலது பக்கம் மூன்று இருக்கும். நான் நெம்பி வளைத்ததில் கொஞ்சம் என்றாலும் முழுக்க அதனால் இல்லை, மூடியின் நடுப்பகுதியே வலது பக்கம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதாவது உள்ளே ஏதோ ஒன்று வலது பக்கத்திலிருந்து தள்ளுகிறது. தங்கை முன் சீட்டுக்கு வந்து வலது மூலையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து முழுப் பலத்தோடு அமுக்கினாள். நான் சாவியை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தேன், அண்ணன் சொன்னபடி. ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்த நேரத்தில் சாவி வெண்ணெயில் போகிற மாதிரி தொண்ணூறு டிகிரி போய் நின்றது. அவள் கையை எடுத்தாள், மூடி தானாகவே எங்கள் முழங்காலில் வந்து விழுந்தது.

உள்ளே இருந்தது கையேடு. ஈரத்தில் ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, இரண்டு மடங்கு பருமனாகி விசிறி மாதிரி விரிந்திருந்தது. அதன் முதுகுதான் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு தகர டார்ச், பேட்டரி கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து உள்ளேயே ஒட்டிப்போயிருந்தது, 'டொக்' சத்தம் அதுதான். பீங்கான் உடம்பு ஃபியூஸ்கள் ஆறு, நன்றாகவே இருந்தன. கையுறை இல்லை. பெயர் மட்டும் கையுறைப் பெட்டி. டோரதி லெவிட் என்ற பந்தயக்காரப் பெண் 1909-ல் காரோட்டும் பெண்களுக்கு எழுதியபோது, சீட்டுக்கு அடியில் உள்ள குட்டி இழுப்பறையில் கையுறையும் ஒரு கைக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளச் சொன்னார், கண்ணாடி பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்கும் உதவும் என்று. கூரையில்லாத கார்கள் ஓடிய காலம், கை விறைக்காமல் இருக்கக் கையுறை வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பெட்டியில் கையுறை வைத்திருக்கும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெட்டியின் உட்கூடு அழுத்திச் செய்த அட்டை, அந்தக் காலத்துக் கார்களில் இது சாதாரணம். அதன் பின்பக்க மேல் மூலையில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வளையம், அங்கே அட்டை தொய்ந்து கீழே இறங்கியிருந்தது. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வலது மூலையில் வெடித்திருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், இரண்டு நிமிடத்தில் சொட்டியது. ஆக, இந்தக் கதையில் பூட்டு ஒரு குற்றமும் செய்யவில்லை. உங்கள் குளோவ் பாக்ஸும் இறுகிக்கொண்டே வருகிறது என்றால் பூட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காரின் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு அமுக்கியதில் திறந்துவிட்டது. திறக்காதவர்களுக்கு, அண்ணன் சொன்னதும் நான் அப்புறம் இன்னொரு காரில் செய்து பார்த்ததும்.

சாவி முழுசாக நுழைந்தும் கொஞ்சமும் திரும்பவில்லை, ஆனால் சரியான சாவிதான் என்று தெரியும் என்றால், தகடுகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது சாவி தேய்ந்திருக்கிறது. மேலே சொன்ன கழுவலைச் செய்துவிட்டு, சாவியை முழுசாக விட்டு ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள், லேசாக மேலும் கீழும் ஆட்டியபடி. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் பூட்டின் முகத்தில் சின்னச் சின்னதாகத் தட்டுவதும் உதவும், அதிர்வில் தகடு விடுபடும். தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுக்காதீர்கள், தேய்மானமும் சேர்ந்து நகலாகும். பல பூட்டுகளில் முகத்திலோ உடம்பிலோ ஒரு எண் பொறித்திருக்கும், பழைய பிரிட்டிஷ் கார்களில் பலவற்றில் அது எஃப்.எஸ். என்று தொடங்கும். அந்த எண்ணைச் சொன்னால் பற்களின் அளவு தெரிந்தவர் புதுச் சாவி வெட்டிக் கொடுப்பார்.

சாவியே இல்லை என்றால், பூட்டை மறந்துவிட்டுப் பின்பக்கமாக யோசியுங்கள். தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அட்டைக்கூடு நாலைந்து ஸ்குரூவிலோ கிளிப்பிலோதான் நிற்கும், அதைக் கழற்றி இறக்கினால் பூட்டின் பின்புறத்துக்கே கை எட்டிவிடும் கார்கள் நிறைய. நாக்கு மாட்டும் கொக்கித் தகடும் பெரும்பாலும் இரண்டு ஸ்குரூதான், அதைத் தளர்த்தினாலே மூடி வந்துவிடும். சில கார்களில் கீலின் ஸ்குரூக்கள் வெளியே தெரியும், அவற்றை எடுத்துவிட்டு மூடியைக் கீழ்ப்பக்கமிருந்து விலக்கலாம், மேலே நாக்கு இன்னும் மாட்டியிருக்கிறது என்பதை மறந்து வளைத்துவிடாமல். கையை உள்ளே விடும் முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அங்கே ஓடும் ஒயர்களுக்கு ஐம்பது வயது, மேலுறை தொட்டால் உதிரும், சிலவற்றில் ஃபியூஸே கிடையாது.

பொத்தானை அமுக்கித் திறக்கும் வகையென்றால் பூட்டு அந்தப் பொத்தானைத்தான் தடுக்கிறது, நாக்கு வீட்டுக் கதவு மாதிரி சரிவாக, ஸ்பிரிங்கில் நிற்கும். மேல் சந்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையோ, டேப் சுற்றிய, சந்து அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடோ விட்டுச் சரிவில் அழுத்தினால் இறங்கிவிடும். என்னுடையது மாதிரி சாவியே நாக்கைத் திருப்பும் வகைக்கு இது பலிக்காது, மணிக்கணக்கில் முயன்று பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள்.

சாவி உள்ளேயே உடைந்துவிட்டால் எண்ணெய் எதுவும் அடிக்காமல், மெல்லிய ரம்பத் தகட்டின் ஒரு துண்டை, பற்கள் உங்களை நோக்கி இருக்கும்படி சாவித் துண்டுக்குப் பக்கத்தில் செருகி, கோத்து இழுக்க வேண்டும். பொறுமை இருந்தால் வரும்.

டிரில் கடைசி. இன்னொரு காரில் அதையும் செய்தேன். சுற்றிலும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, சாவித் துளையின் நடுவில் முதலில் 3 மில்லிமீட்டர், அப்புறம் 6, ஆழம் சாவியின் நீளத்துக்கு மேல் வேண்டாம். தகடுகள் துண்டு துண்டாக வந்ததும் ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரைச் சாவியாக்கித் திருப்பலாம். தூளைப் பிடிக்கக் காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்த புத்திசாலி நான். பித்தளையும் துத்தநாகமும் காந்தத்தில் ஒட்டாது. எல்லாம் ரேடியோவின் தலையில் கொட்டியது, வேக்வம் கிளீனர் குழாயைப் பக்கத்தில் பிடிக்க ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.

திறந்த பிறகு உடனே மூடிவிடாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மூடி திறந்திருக்கும்போதே சாவியைப் பத்து முறை திருப்பி நாக்கு முழுசாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். சில பூட்டுகளின் முகத்தில் சாவித் துளைக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், பூட்டு திறந்த நிலையில் அதில் ஒரு கம்பியை அழுத்தினால் சிலிண்டர் மொத்தமாக வெளியே வரும், கழுவ வசதி. கொக்கித் தகட்டின் ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பதற்குக் காரணம் உண்டு, அதை முன்னே பின்னே நகர்த்தி மூடி விரலழுத்தத்தில் மூடும்படி வைக்கலாம். நான் அரை மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினேன்.

கண்ணாடி ரப்பரை மாற்றினேன். அட்டைக்கூட்டை நனைத்து, பலகைக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து நிமிர்த்திப் பின்பக்கம் வார்னிஷ் அடித்தேன், சுமாராக வந்திருக்கிறது. கையேட்டில் ஃபியூஸ் பக்கம் தப்பித்திருந்தது, போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கையேடு எவ்வளவு அழுத்தியும் பழைய பருமனுக்கு வரவில்லை, பெட்டிக்குள் வைத்தால் மூடியைத் தொடுகிறது. அதனால் அது இப்போது சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.